செயலி யார் கையில் இருக்க வேண்டும்? மக்கள் நல்வாழ்வுத் துறைக்குச் சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை உயர் அலுவலர்கள், சேலம் மாவட்டச் சுகாதார அலுவலர், மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் கைப்பேசிச் செயலிகளைப் பரிந்துரைப்பது இப்போது பரவலாகிவிட்டது. தனியார் மருத்துவமனை ரசீதின் அடியில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கிறது. மருந்துக்கடைக் கல்லாவில் இன்னொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. காப்பீட்டு முகவரும் ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொல்கிறார். அரசும் நோயாளிகளுக்கென்று இப்படி ஒன்றைத் தர வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. சேலம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், நானே சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவன் என்ற முறையிலும் உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நோயாளியின் கையில் இன்னொரு செயலியைக் கொடுப்பதற்கு முன்னால், மருந்து வாங்க வராமல் போன நோயாளியைத் தேடிச் செல்லும் ஊழியரின் கையில் இருக்கும் செயலியைச் செம்மைப்படுத்துங்கள். பணமும் பயிற்சி நேரமும் முதலில் அங்கே போகட்டும்.

இந்த நோய்களின் இயல்பே இப்படிக் கேட்க வைக்கிறது. பிரஷர் ஏறினால் பெரும்பாலோருக்கு எந்த வலியும் தெரிவதில்லை. சர்க்கரை 250 இருக்கும்போதும் தறி ஓட்டலாம், காப்பி பறிக்கலாம், கொலுசுக்குப் பொடி வைத்து ஊதலாம். அதனால் மாத்திரை தீர்ந்த நாளும் வேலை நாளும் ஒன்றாக வந்தால் வேலைதான் வெல்லும். ஒரு மாதம் தவறும், பிறகு அது ஆறு மாதமாகும், கடைசியில் பக்கவாதத்தோடோ ஆறாத கால் புண்ணோடோ அவரை மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். 2020-இல் தொற்றா நோய்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற கணக்கெடுப்பு ஆய்வு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்ததாகக் காட்டியது. அடுத்த சுற்று ஆய்வில் இவை முறையே 17 என்றும் 16.7 என்றும் உயர்ந்தன. இடைப்பட்ட காலத்தில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியிருந்தது. உயர்வு முழுவதற்கும் அந்தத் திட்டமே காரணம் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் பிரஷர் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போன தன்னார்வலப் பெண்கள் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நோயாளிக்கான செயலிகள் யாரை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன என்று பார்த்தால் அவற்றின் குறை விளங்கிவிடும். காலை எட்டு மணிக்கு எழுந்து, மேசையில் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டு, சொந்தக் கைப்பேசியைப் பார்த்து மாத்திரை போட்டுக்கொள்ளும் ஒருவரை அவை கற்பனை செய்கின்றன. அஸ்தம்பட்டியில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிக்கு அது பொருந்தலாம். அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் விசைத்தறியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர் காலை எட்டு மணிக்குத்தான் படுக்கிறார். அவருடைய முதல் சாப்பாடு பகல் இரண்டு மணிக்கு. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை எட்டு மணி நினைவூட்டலுக்குக் கட்டுப்பட்டு விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு தூங்கினால், சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கிப் போவார், சில வேளை எழுந்திருக்கவே மாட்டார். தறிச் சத்தத்தில் எந்த நினைவூட்டலும் காதில் விழாது என்பது தனிச் செய்தி. சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டிய மாத்திரைக்குக் கடிகாரத்தை ஒட்டி மணி அடிக்கும் செயலியை எந்த மருத்துவரும் எழுதித் தரக் கூடாது.

மருந்தாளுநர் என்பதால் இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் அரசு நிலையங்களில் மருந்துகள், நிறுவனங்கள் சூட்டும் வணிகப் பெயரில் அல்லாமல், மருந்தின் பொதுப்பெயரில் வருகின்றன. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்குவதால் மெட்ஃபார்மின் என்ற ஒரே சர்க்கரை மாத்திரை ஓர் ஆண்டு ஒரு நிறுவனத்திடமிருந்தும் அடுத்த ஆண்டு இன்னொரு நிறுவனத்திடமிருந்தும் வரும். அட்டையின் நிறம் மாறும், மாத்திரையின் அளவும் வடிவமும் மாறும். படிக்கத் தெரியாத பாட்டி நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்கிறார். செயலியில் மாத்திரைப் படத்தை ஏற்றி வைத்தால் எளிது என்று நினைப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இதைவிட ஆபத்தான நிலை ஒன்று உண்டு. அரசு நிலையத்தில் கிளிமிபிரைடு வாங்கும் ஒருவர், உடம்பு சரியில்லாத ஒரு நாளில் தனியார் மருத்துவரிடம் போகிறார். அங்கே அதே மருந்து வணிகப் பெயரில் எழுதப்படுகிறது. பேரன் இரண்டு பெயர்களையும் செயலியில் பதிகிறான். செயலி இரண்டையும் இரண்டு மருந்தாகவே எண்ணி, இரண்டுக்கும் தவறாமல் நினைவூட்டுகிறது. இரட்டை அளவு உள்ளே போகிறது. அம்லோடிபின், அட்டினலால் போன்ற பிரஷர் மாத்திரைகளிலும் இது நடக்கும். அங்கே விளைவு தலைச்சுற்றலும் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும். மருந்தகச் சன்னலில் பழைய அட்டைகளை எல்லாம் கொட்டச் சொல்லிப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் பிடிபடும். எந்தச் செயலியை அரசு ஏற்பதாக இருந்தாலும், வணிகப் பெயரைப் பதிந்த உடனே அதன் பொதுப்பெயரைக் காட்டி, ஒரே மருந்து இரண்டு முறை இருந்தால் தடுத்து நிறுத்த வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள்.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கைப்பேசி இந்த நோய்களில் பயன்படும் என்பதற்கு நம் மண்ணிலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் வந்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டது பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி; இணையம் தேவைப்படவில்லை, கடவுச்சொல் தேவைப்படவில்லை. 2016-இல் ஒன்றிய அரசு தொடங்கிய எம்-டயாபடீஸ் திட்டமும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வரும்படி அமைக்கப்பட்டதே. பத்து ஆண்டுகளில் கைப்பேசிகள் மாறிவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் அறுபதைத் தாண்டியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பேசுவதற்கான கருவியாகவே இருக்கிறது.

ஊழியர் கையிலுள்ள செயலிக்கு முன்மாதிரி தேடினால் அதற்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பில், பஞ்சாப், மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களின் செவிலியர்கள் ‘சிம்பிள்’ என்ற செயலியைப் பயன்படுத்தினார்கள். நோயாளியின் அட்டையிலுள்ள குறியீட்டை வருடினால் அவருடைய பக்கம் திறக்கும்; அன்றைய அழுத்தம், கொடுத்த மருந்து, அடுத்து வர வேண்டிய தேதி, அவ்வளவுதான். இணையம் இல்லாத இடத்திலும் பதியலாம், சிக்னல் வந்ததும் அது தானே மேலே போய்ச் சேரும். எனக்கு அதில் பிடித்த பகுதி, தேதி தாண்டியும் வராதவர்களின் பட்டியலை அது செவிலியருக்கு எடுத்துக் கொடுப்பதுதான். அவர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைக்கிறார். வந்தவரைப் பதிவது எல்லா மென்பொருளுக்கும் எளிது. வராதவரைக் காட்டுவதற்குத்தான் யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். திறந்த மூல மென்பொருள் என்பதால் அதன் அமைப்பை யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

நம்மிடமும் மக்கள் நலப் பதிவேட்டுச் செயலி இருக்கிறது. தன்னார்வலர்கள் அதில் பதிகிறார்கள். இந்த அமைப்பு வேறு பல மாநிலங்களுக்கு வாய்க்காதது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ‘மக்களைத் தேடி மருத்துவ’த்துக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. அந்தச் செயலியைத் திறந்ததும் முதல் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதே என் கவலை. இன்று எத்தனை வீடு முடிந்தது, இலக்கில் எவ்வளவு மீதி என்ற எண்ணிக்கை முன்னால் நின்றால், ஊழியர் எளிதில் கிடைக்கும் வீட்டுக்குத்தான் மறுபடி மறுபடி போவார். அது மனித இயல்பு. அவரைக் குறை சொல்லக் கூடாது. மாறாக, ‘இந்தத் தெருவில் மருந்து தீர்ந்து பதினைந்து நாள் ஆனவர்கள்’ என்று பெயர்கள் வர வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறிக்க இடம் வேண்டும்: வெளியூர் வேலைக்குப் போனார், தனியாரிடம் மாறினார், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நாட்டு மருந்து எடுக்கிறார், இறந்துவிட்டார். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒரு பகுதியிலிருந்து பலர் சொன்னால் அது மருத்துவ அலுவலரின் மேசைக்கு அன்றே போக வேண்டும். மெட்ஃபார்மின் தொடங்கியவர்களுக்கு வயிற்றுப்போக்கு வருவதும், சாப்பாட்டோடு சேர்த்துக் குறைந்த அளவில் தொடங்கினால் அது அடங்குவதும் எல்லா மருத்துவருக்கும் தெரிந்ததே. சொல்லப்படாததால் நின்றுபோன மருந்துகளே அதிகம்.

பதிவேட்டில் ஒரு முறை, செயலியில் ஒரு முறை என்று ஒரே செய்தியை இரண்டு முறை எழுதும் சுமையையும் இத்துடன் நீக்குங்கள். சொற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடப்பவரிடம் நாம் கேட்கக் கூடாத வேலை அது.

சேர்வராயன் மலையை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு ஏரிக்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிக்குக் கைப்பேசி நன்றாகவே வேலை செய்யும். வெள்ளக்கடை, செம்மநத்தம், மாரமங்கலம் ஊராட்சிகளின் உள்ளூர்களுக்குப் போனால், ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. கார்த்திகை முதல் மாசி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பகலில் வீடுகளில் ஆள் இருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். மலையாளி பழங்குடி மக்களில் பலர் வேலைக்காகப் பிற மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் போய் வருகிறார்கள். அவர்கள் போகும்போது இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, திரும்பும் மாதத்தைப் பதிந்து வைத்தால் போதும். அதற்கான கட்டம் செயலியில் இருந்தால் ‘விடுபட்டவர்’ என்ற பொய்க் கணக்கும் குறையும். பட்டியலை வாரத்துக்கு ஒரு முறை சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு, மீதி நாளெல்லாம் இணையமின்றி வேலை செய்ய முடிய வேண்டும். மலைக்கு ஏற்ற செயலி சமவெளிக்குத் தானாகவே பொருந்தும். சென்னையில் சோதித்துவிட்டு மலைக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இம்முறை ஏற்காடு வட்டத்தில் தொடங்கிக் கீழே இறக்கிப் பாருங்கள்.

அப்படியானால் நோயாளிக்கு என்ன தருவது? ஒரு கையேடு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சிறு நோட்டுப் புத்தகத்தை நோயாளிகள் ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் குறியீடு ஒன்றை ஒட்டி, பிரஷர், சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாத சராசரி, மருந்தின் பொதுப்பெயர், அடுத்த தேதி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் எந்த மருத்துவமனைக்கும் அதைக் கொண்டு போகலாம். அதனுடன் குரல் அழைப்பு. 104 உதவி எண் மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. மருந்து தீர்வதற்கு முன்பும், தேதி தாண்டிய பின்பும் அங்கிருந்து ஓர் அழைப்பு வந்தால், எழுத்தறியாதவருக்கும் அது போய்ச் சேரும். நைட் ஷிப்ட்காரருக்கு மாலையிலும், தோட்டத் தொழிலாளிக்கு இரவு ஏழு மணிக்கு மேலும் அழைக்க வேண்டும் என்பதைப் பதியும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தினமும் இரண்டு முறை சர்க்கரை பார்த்துப் பதியச் சொல்லும் செயலிகள் சோதனைப் பட்டையின் விலையை நினைப்பதில்லை. இன்சுலின் போடுகிறவருக்கு அது தேவை. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்கு மாதம் ஆயிரம் ரூபாயைப் பட்டைக்குச் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். செயலிகளின் உணவுப் பட்டியலில் ஓட்ஸும் கினோவாவும் இருக்கும். சேலத்தில் சாப்பிடுவது களி, கம்பங்கூழ், அவித்த குச்சிக்கிழங்கு, மாலையில் ஒரு தட்டுவடை செட். நாட்டிலேயே ஜவ்வரிசி அதிகம் செய்யும் வட்டாரத்தில் இருந்துகொண்டு, அது ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து என்று சர்க்கரை நோயாளிக்கு நாம் சொல்வதில்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லிக் காய்ச்சலில் கஞ்சியாகவும் ஆடி மாதத்தில் பாயாசமாகவும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். கேழ்வரகுக் களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்ற நம்பிக்கையும் அப்படியே இருக்கிறது. ஆலோசனை தருவதானால் இந்தத் தட்டில் இருப்பதைப் பற்றித் தாருங்கள்.

சில வசதிகளை அரசு வெளிப்படையாகவே மறுக்க வேண்டும். விரலைக் கைப்பேசிக் கேமராவில் வைத்தால் பிரஷர் காட்டும் என்று விற்கப்பட்ட ஒரு செயலியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சோதித்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு அது இயல்பான அளவையே காட்டியது. குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்ட கடிகாரங்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகன் அன்போடு வாங்கி அனுப்புகிறான், அப்பாவும் அதை நம்பி மாத்திரையைக் குறைக்கிறார். நான் பார்த்த ஒரு தனியார் செயலியோ சர்க்கரை 62 என்று பதிந்தபோது பச்சை வண்ணத்தில் பாராட்டுத் தெரிவித்தது. 70-க்குக் கீழே போனால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ குடிக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாத மென்பொருளுக்கு ‘நீரிழிவு மேலாண்மை’ என்று பெயர் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. கையில் பட்டை கட்டி அளக்கும் தானியங்கிக் கருவிகளில் முறையாகச் சரிபார்க்கப்பட்டவை எவை என்ற பட்டியலை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் ஒட்டினால் மக்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

தகவல் பாதுகாப்பைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்பட வேண்டும். அறிவிப்பைப் படித்துக் காட்டிவிட்டுப் பிறகு கேளுங்கள். ஒன்றிய அரசின் மின்னணுச் சுகாதாரக் கணக்குக்கான 14 இலக்க ஆபா எண் விருப்பத்தின் பேரில் எடுப்பது. அது இல்லையென்று யாருக்கும் மாத்திரை நிறுத்தப்படக் கூடாது. ஒரு முறைக் கடவுச்சொல் (ஓடிபி) திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் எண்ணுக்குப் போவதால், இங்கே வரிசையில் நிற்கும் தாய் காத்திருக்க வேண்டியதும் இருக்கக் கூடாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் இந்தியாவில் 54 சதவீதத்தினரே. தமிழ்நாட்டில் விகிதம் கூடுதல் என்றாலும், கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாம் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் அல்லர்.

இறுதியாக, எதை எண்ணுவது என்பது. எத்தனை லட்சம் பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்ற எண்கள் விழா மேடைக்கு உதவும். பதிந்தவர்களில் கடந்த மூன்று மாதத்தில் பிரஷர் 140/90-க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர், வராமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் திரும்ப அழைத்து வரப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் எழுதும்படி ஆணையிடுங்கள். முதல் சுற்றில் எண்கள் மோசமாகவே இருக்கும். அதற்காக எந்த மருத்துவ அலுவலரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது என்பதையும் அதே ஆணையில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சுற்றில் எண்கள் மட்டும் அழகாகிவிடும். ஏற்காடு வட்டத்தின் ஒன்பது ஊராட்சிகளிலும், மாநகராட்சியில் அம்மாப்பேட்டைப் பகுதியிலும் இதை ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். அங்குள்ள தன்னார்வலர்களுடன் உட்கார்ந்து அந்தப் பட்டியல் திரை எப்படி இருக்க வேண்டும் என்று பேசும் கூட்டத்துக்கு என்னைப் போன்ற ஓய்வு பெற்ற மருந்தாளுநர்கள், செவிலியர்களையும் அழையுங்கள். சம்பளம் கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
சேலம்.